தூதர் வந்தால் சமாதானம் வருமா?

காரைக்குடி வாசகர் வட்டத்தில் போன ஞாயிறு இலங்கைச் சமாதானப் பேச்சைப் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு இங்கே பதில்.

சார், நார்வேக்கும் இலங்கைக்கும் என்ன சம்பந்தம்? (கல்லூரி மாணவர், தேவகோட்டை)

சம்பந்தம் இல்லாததுதான் தகுதி, தம்பி. பக்கத்து நாடும் இல்லை, முன்பு ஆண்ட நாடும் இல்லை. 1993ல் இஸ்ரேலும் பாலஸ்தீனரும் ரகசியமாகப் பேச இடம் கொடுத்துப் பெயர் வாங்கியிருந்தது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தபோது இலங்கைப் பிரதமராக இருந்த ரணிலும் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் ஒரே மேசையில் உட்காரவில்லை. தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள். நடுவில் நின்றது நார்வே.

எங்கள் ஐயா கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்தவர். தூதர் என்றால் சொன்னதைப் போய்ச் சொல்கிற ஆள்தானே? அதில் என்ன பெரிய வேலை? (ஓர் ஆச்சி, கோட்டையூர்)

ஆச்சி, சொன்னதை அப்படியே போய்ச் சொன்னால் அன்றைக்கே வெட்டுக்குத்துதான்! நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பாகப்பிரிவினை. அண்ணன் முகப்பில், தம்பி இரண்டாம் கட்டில். பேச்சே கிடையாது. ஒரு பெரியவர் வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே நடந்தார். “அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன், கணக்கை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்” என்று அண்ணன் கத்தினார். பெரியவர் உள்ளே போய், “அண்ணன் கணக்குக் கேட்கிறார்” என்று மட்டும் சொன்னார். பொய் இல்லை. மூஞ்சியை நடுமுற்றத்து வளவிலேயே விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் கொண்டுபோனார், அவ்வளவுதான்.

நார்வேயின் தூதர் எரிக் சொல்ஹெய்ம் கொழும்புக்கும் புலிகள் கையில் இருந்த வன்னிக்கும் நடந்ததும் அந்த நடைதான். இலங்கைத் தமிழில் இதற்கு அழகான சொல் உண்டு: அனுசரணையாளர். இரு தரப்பும் பேச உதவுகிறவர், அவ்வளவே. மத்தியஸ்தர் வேறு, அவர் தீர்ப்பே சொல்லலாம். நார்வே தன்னை அனுசரணையாளர் என்றே சொல்லிக்கொண்டது. தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

1987ல் இந்தியாவும் இதைத்தானே செய்தது? (பள்ளத்தூர்)

இல்லை. ஜூலை 29ல் ஒப்பந்தம் போட்டவர்கள் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனேயும். புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரிலேயே அவர்களோடு சண்டையில் இறங்கிவிட்டது. நடுவர் கையில் கம்பு இருந்தால் எல்லாரும் கம்பைத்தான் பார்ப்பார்கள். நார்வேயிடம் கம்பே இல்லை. அதுவும் ஒரு குறைதான், ஒப்பந்தம் மீறப்பட்டால் எழுதி வைப்பதைத் தவிர, போர்நிறுத்தத்தைக் கவனிக்க வந்த நார்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழுவால் என்ன செய்ய முடிந்தது?

இத்தனை நாடுகள் பணம் தருவதாகச் சொல்லியும் ஏன் நிலைக்கவில்லை? (புதுவயல்)

தூதர்களின் கையை அவர்கள் நாடுகளே கட்டிப்போட்டதும் ஒரு காரணம் என்பேன். 2003 ஏப்ரலில் நிதி குறித்த கூட்டத்தை வாஷிங்டனில் வைத்தார்கள். புலிகளை அமெரிக்கா 1997லேயே தடை செய்திருந்ததால் அவர்கள் அங்கே போகவே முடியாது. அந்த மாதமே பேச்சிலிருந்து விலகினார்கள். ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டாலர் தருவதாக அறிவிப்பு. அந்த மாநாட்டுக்கும் புலிகள் வரவில்லை. எதிர்த்தரப்பு நுழைய முடியாத வீட்டில் விருந்து வைத்தால் என்ன அர்த்தம்?

அப்புறம் 2006ல் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டது. கண்காணிப்புக் குழுவில் இருந்த ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர்களை வெளியேறச் சொன்னார்கள் புலிகள். மிச்சம் இருந்தது நார்வேயும் ஐஸ்லாந்தும். 2008 ஜனவரியில் அரசே ஒப்பந்தத்திலிருந்து விலகியது. இரண்டு தரப்பும் போருக்குத் தயாராகிக்கொண்டிருந்ததையும் மறைக்க வேண்டாம். அதைத் தடுக்கும் சக்தி எந்தத் தூதருக்கும் இல்லை.

நார்வே ஒரு பக்கம் சாய்ந்ததா? (பெயர் இல்லாத சீட்டு)

தெற்கில் சிங்களர் பலர் புலிப்பக்கம் என்றார்கள், தமிழர்களில் பலர் அரசுப்பக்கம் என்றார்கள். நான் அதைச் சாய்வாகப் பார்க்கவில்லை.

வெளியாள் வந்து ஜெயித்த இடம் ஏதாவது உண்டா? (கானாடுகாத்தான்)

வட அயர்லாந்து. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று சண்டை நடந்த இடம். அமெரிக்க செனட்டராக இருந்த ஜார்ஜ் மிட்செல் ஏறக்குறைய இரண்டு வருடம் பொறுமையாக உட்கார்ந்து எல்லாருடைய வசவையும் கேட்டார். கடைசியில் 1998 ஏப்ரல் 9 என்று கெடு வைத்தார். அன்று முடியவில்லை. விடிய விடியப் பேச்சு இழுத்து, மறுநாள் மாலைதான் உடன்பாடு வந்தது.