அப்பா இன்னும் கார் ஓட்டலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. பல வருடமாகக் கார் ஓட்டுகிறார். சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். சமீபத்தில் இரண்டு முறை வண்டியை உரசிவிட்டார். “கண்ணெல்லாம் நன்றாகத் தெரிகிறது” என்கிறார். சாவியை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: வயதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 80 வயதில் நிதானமாக ஓட்டுபவர்களும் உண்டு, 60 வயதில் ஓட்டவே கூடாதவர்களும் உண்டு.

முதலில் அந்த உரசல்கள் எங்கே, எப்படி நடந்தன என்று விசாரித்துக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு மிகவும் உதவும் தகவல் அதுதான். வண்டியை நிறுத்தும்போது சுவரில் இடித்திருந்தால், கழுத்து சரியாகத் திரும்பாததோ பக்கப் பார்வை குறைந்ததோ காரணமாக இருக்கலாம். சந்திப்பில் திரும்பும்போது எதிரே வந்த வண்டியைக் கவனிக்காமல் உரசியிருந்தால் எனக்குக் கவலை அதிகம். நாலு பக்கமும் பார்த்து, வருகிற வண்டியின் வேகத்தைக் கணித்து, சட்டென்று முடிவெடுக்க வேண்டிய இடம் அது. முதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான்.

கண் நன்றாகத் தெரிகிறது என்று அவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் கண்ணழுத்த நோயில் (கிளாக்கோமா) நேர்ப்பார்வை கெடாமலே ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டு வரும், நோயாளிக்கே தெரியாது. அதனால் எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பதோடு நிறுத்தாமல் பார்வைப் புலத்தையும், அதாவது நேரே பார்க்கும்போது ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்பதையும், சோதிக்கச் சொல்லுங்கள். இரவில் எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசினால் கண்புரை இருக்கலாம். அதை அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம்.

அப்புறம் மாத்திரைகள். சில தூக்க மாத்திரைகளின் மந்தம் மறுநாள் காலையிலும் நீடிக்கும். சளி, அலர்ஜிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் இப்படித்தான். சர்க்கரை மாத்திரைகளில் கிளைமிபிரைடு போன்றவையும் இன்சுலினும் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்தப் பயம் குறைவு. மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கவனத்தையும் முடிவெடுக்கும் வேகத்தையும் சோதிக்க எளிய வழிகள் உண்டு. தாளில் சிதறிக் கிடக்கும் எண்ணையும் எழுத்தையும் மாறி மாறி வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொல்வோம். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் மேலும் சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். 10 அடி தூரம் வேகமாக நடந்து திரும்பிவர 9 நொடிக்கு மேல் ஆனால் காலின் பலத்தைப் பார்ப்போம். ஞாபக சக்திச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாலே ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது போதாது. அறைக்குள் செய்கிற எந்தச் சோதனையும் சந்தேகத்தைத்தான் எழுப்பும் அல்லது குறைக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாலையிலேயே ஓட்டவைத்துப் பார்ப்பதுதான் நம்பகமானது.

மயக்கம், வலிப்பு, சமீபத்திய பக்கவாதம், பழகிய பாதையிலேயே வழி தவறுவது, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு இவை எதுவும் இல்லையென்றால், இப்போதைக்கு இரவுப் பயணத்தையும் நெரிசல் நேரத்தையும் தவிர்க்கச் சொல்லிவிட்டு இந்த வாரமே பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள்.

நிறுத்தத்தான் வேண்டும் என்று முடிவானால், அதை மருத்துவரே அவரிடம் நேரில் சொல்லி எழுதியும் கொடுக்கட்டும். உங்களிடமிருந்து வந்தால் கட்டளையாகப் படுவது, மருத்துவர் சொன்னால் சிகிச்சையாகப் படும். அதற்கு முன்பே அவர் வழக்கமாகப் போகிற இடங்களுக்கு யார் கூட்டிப்போவது என்று வீட்டில் பேசி முடிவுசெய்துவிடுங்கள். ஓட்டுவதை நிறுத்தியபின் வெளியே போவது குறைந்து மனச்சோர்வில் விழுகிற முதியவர்கள் நிறைய பேர்.