வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, லீவுக்குப் பிள்ளையளோட தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போக இருக்கிறம். ஒரு ஸூவுக்குப் புது மிருகம் வந்தா உடன பாக்க விடுவினமோ? கூடு திருத்திறம் எண்டு ஏன் மாசக்கணக்கா மூடுறவை?
- கிளிநொச்சி வாசகி

பதில்: உடன விடமாட்டினம் தங்கச்சி. சந்தையில ஆடு வாங்கி வந்தா நாங்களும் கொஞ்ச நாள் தனியக் கட்டித்தானே பட்டியில விடுறம், அதே மாதிரித்தான் அங்கயும் புதுசா வந்ததைத் தனியா வச்சு ரத்தம், சாணி எல்லாம் சோதிச்சு, சாப்பாடு ஒழுங்கா எடுக்குதோ, பராமரிக்கிற ஆளோட பழகுதோ எண்டு பாத்துத்தான் வெளிய விடுவினம், அதுக்கே ஒரு மாசம், சிலநேரம் கூடவும் போகும். கூடு திருத்திறதெண்டா பெயின்ற் அடிக்கிறதில்லை. சீமெந்துத் தரையை எடுத்து மண் போட்டு, நிழல் மரம் நட்டு, குளிக்கத் தண்ணி, எங்கட கண்ணில படாம ஒதுங்க ஒரு மறைவு, இதெல்லாம் வேணும். அந்த மறைவு கட்டாயம் இருக்கோணும், நாள் முழுக்கச் சனம் பாத்துக்கொண்டு நிண்டா எந்தச் சீவனுக்கும் தாங்காது. தெஹிவளை 1936இல அரசாங்கம் எடுத்த பழைய இடம், கொழும்புக்குப் பக்கத்தில நகரத்துக்க நெருக்கமா இருக்கு. விசாலமாப் பாக்கிறதெண்டா அம்பாந்தோட்டைப் பக்கம் 2016இல திறந்த ரிதியகம சபாரிப் பூங்காவுக்கும் போங்கோ. பிள்ளையளுக்குப் பூநாரை காட்ட கொழும்புக்கே போகத் தேவையில்லை, சீசனுக்கு உங்கட பக்கத்தில இருக்கிற சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.