பெண்கள் கால்பந்து வரலாற்றை ஏன் நாடகமாகப் போடுகிறார்கள்? ஆவணப்படம் போதாதா?

ஆவணப்படம் எடுக்கப் பழைய காட்சிகள் வேண்டுமே! இருப்பது கொஞ்சம், அதிலும் சத்தம் கிடையாது.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டனில், காயம்பட்ட போர்வீரர்களின் மருத்துவமனைக்குப் பணம் திரட்ட டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடினார்கள். சுமார் 10,000 பேர் பார்த்தார்கள். 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் இதே அணியின் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 53,000 பேர். இடமில்லாமல் திரும்பியவர்கள் தனிக் கணக்கு. அடுத்த ஆண்டே, டிசம்பர் 5 அன்று, கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குச் சாத்திவிட்டது. பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்லவாம்! (வரும் கூட்டத்தைப் பார்த்து வயிறு எரிந்திருக்கும் என்பது என் ஊகம்.) தடை சுமார் 50 ஆண்டு நீடித்தது.

மைதானம் பறிபோனதால் பெரிய கூட்டம் போனது, பத்திரிகைச் செய்தியும் குறைந்தது. அந்த இடைவெளியை நிரப்ப நாடகம் தோதானது. யார்க்‌ஷயரின் மிக்ரான் நாடகக் குழு, 1920-ல் தொடங்கிய ஹடர்ஸ்ஃபீல்டு அடலாண்டா அணியின் கதையை 2021-ல் ஊர் ஊராகக் கொண்டுபோனது. இந்தக் குழுவில் நடிகர்கள் நாலே பேர், வாத்தியமும் அவர்களே. கோடையில் கால்வாய்ப் படகில் பயணம் போவது அவர்கள் வழக்கம். மதுக்கடைத் தோட்டமோ, ஊரார் காய்கறி போடும் நிலமோ, கிடைத்த இடம்தான் மேடை. மைதானம் மறுக்கப்பட்டவர்களின் கதைக்கு அரங்கம் தேடாத குழு அமைந்தது எனக்கு ரொம்பப் பிடித்த பொருத்தம்.