மிச்சப் பெயிண்டைக் கிணற்றடியில் புதைக்கலாமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் கிராமம். தங்கை கல்யாணத்துக்காகப் பூர்வீக வீட்டின் பழைய கதவு, ஜன்னல்களைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தோம். மிஞ்சிய எனாமல், எமல்ஷன் டின்களும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிய தின்னரும் இரண்டாங்கட்டு அறையில் இருக்கின்றன. பக்கத்தில் படுக்கும் அப்பத்தாவுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. அக்கா மகனுக்கு 3 வயது. எல்லாவற்றையும் கிணற்றடியில் குழி தோண்டிக் கொட்டி மூடச் சொல்கிறார் பெயிண்டர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. தின்னர் மண்ணில் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கலந்தால் அப்புறம் எடுக்க வழியில்லை. முற்றத்துச் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், நம் பக்கத்து வீடுகளில் முற்றத்துத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று அப்பத்தாவைக் கேளுங்கள், பல ஊர்களில் ஊரணிக்குத்தான்.

அதை விடுங்கள், இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை முதலில் அங்கிருந்து எடுங்கள். 3 வயதுப் பையனுக்கு அது குடிக்கிற சாமான். ஒரு வாய் உள்ளே போனாலே புரையேறி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா போல ஆக்கிவிடும். அப்படி நடந்தால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வாந்தி வரும்போதுதான் தின்னர் இன்னொரு தடவை நுரையீரலுக்குள் போகும். 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள். பையன் ஓடியாடிக்கொண்டிருந்தாலும் போகத்தான் வேண்டும், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

அப்பத்தாவின் படுக்கையை இன்றைக்கே முகப்புப் பக்கம் மாற்றுங்கள். வாடையால் வந்த தலைவலி நல்ல காற்றில் இருந்தாலே பெரும்பாலும் சீக்கிரம் போய்விடும். போகவில்லை, அல்லது இளைப்பு, பேச்சில் தடுமாற்றம் இருக்கிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வயதானவர்களின் கிறுகிறுப்பை முழுக்கப் பெயிண்ட் தலையிலேயே கட்டிவிட வேண்டாம், பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தச் சுரண்டல் வேலைதான் எனக்குப் பெரிய கவலை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமலில், அதுவும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். சுண்ணாம்புச் சுவரில் பயமில்லை. கதவு, நிலை, ஜன்னல் கம்பியில் அடுக்கடுக்காக ஏறிய பழைய பெயிண்டில்தான். அந்தத் தூள் ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து, தவழ்ந்து விளையாடும் பையன் கையில் ஒட்டி, கையோடு வாய்க்குள் போகும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லவும் முடியாது. விளக்குமாற்றால் கூட்டினால் தூள் பறக்கும், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டி ஒதுக்கிவிடுங்கள். பையனின் ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், நானாக இருந்தால் பார்த்துவிடுவேன்.

சரி, மிச்சத்தை என்ன செய்வது? எமல்ஷன் தண்ணீர்ப் பெயிண்ட், மணலோ மரத்தூளோ கலந்து பிள்ளைகள் கை எட்டாத வெயிலில் திறந்து வைத்தால் கட்டியாகிவிடும், அப்புறம் குப்பையில் போடலாம். எனாமலைக் காயவைத்து வாடையை ஊருக்குப் பரப்பாமல் யாருக்காவது கொடுங்கள். செட்டிநாட்டில் வீட்டு வேலை ஓடாத தெரு எங்கே இருக்கிறது! பிரஷ் கழுவிய தின்னரை மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்தது மறுபடி உதவும். தேக்குக் கதவுக்கு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) பூசிய துணி இருந்தால் சுருட்டிக் குவிக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

கசடு, பெயிண்ட் ஒட்டிய டின், சுரண்டிய தூள், கூடவே ஃபியூஸ் போன டியூப்லைட், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், காலாவதி மாத்திரை எல்லாம் வீட்டு அபாயக் கழிவு. சேகரிப்பு மையம் அமைக்கும் பொறுப்பு 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே நகராட்சிகளுக்குக் கொடுக்கப்பட்டது. தேவகோட்டை நகராட்சிச் சுகாதார ஆய்வாளரைக் கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஊரில் தூய்மைக் காவலரிடம் கொடுப்பதானால் உள்ளே இருப்பதைச் சொல்லித் தனிப் பையில் கொடுங்கள், வெறுங்கையால் அள்ளுபவர் அவர்தான். கொளுத்த மட்டும் வேண்டாம், ஸ்ப்ரே டின் வெடிக்கும், ஈயப் புகை பக்கத்து வீட்டுக்கும் போகும்.