ஜெர்மனியில் ஒரு சதவீதம்கூட இல்லாத யூதர்கள்மீது நாஜிகள் ஏன் எல்லாப் பழியையும் போட்டார்கள்?

சிறுபான்மையாக இருந்ததுதான் வசதியாகிப்போனது. 1933இல் அங்கே யூதர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். திருப்பி அடிக்க ஆள்பலம் கிடையாது.

1918இல், முதல் உலகப் போரில், ஜெர்மனி போர்க்களத்திலேயே தோற்றது. தளபதிகளோ அதை ஒப்புக்கொள்ளாமல், உள்நாட்டுத் துரோகிகள் முதுகில் குத்திவிட்டதாகக் கதை கட்டினார்கள். அதற்கு முன்பே, 1916இல், யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் நழுவுகிறார்களா என்று ராணுவம் தலை எண்ணியது. முடிவைப் போர்க்காலத்தில் வெளியிடவே இல்லை. உண்மையில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் படையில் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 12,000 பேர் மாண்டார்கள்.

இந்தப் பழி எந்தப் பூட்டுக்கும் பொருந்தும் கள்ளச்சாவி. வங்கி திவாலானாலும் யூதன்தான் காரணம், கம்யூனிசம் பரவினாலும் யூதன்தான் காரணம். முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் மோதாமல் ஒரே கொடியின்கீழ் நிற்க, இருவருக்கும் பொதுவாக ஓர் எதிரி தேவைப்பட்டான்.

1938 நவம்பரில் யூதர்களின் கடைகளையும் ஜெப ஆலயங்களையும் நாஜிகள் நொறுக்கினார்கள். அதன் பிறகு அரசு, அடிபட்ட யூதர்களுக்கே நூறு கோடி மார்க் அபராதம் விதித்தது! அவர்களுக்குச் சேர வேண்டிய காப்பீட்டுத் தொகையையும் பறித்துக்கொண்டது.

இத்தாலியின் கதை கொஞ்சம் வேறு. முசோலினி 1922இல் ஆட்சிக்கு வந்தபோது அவர் கட்சியிலேயே யூதர்கள் இருந்தார்கள். யூதர்களை ஒடுக்கும் இனச் சட்டங்கள் அங்கே வந்தது 1938இல்தான்.