பத்தாம் வசனத்தை யார் அச்சிடுவார்?

கேள்வி: 2023 புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கான வாக்குறுதியாக எடுக்கும் வேத வசன அட்டை) எரேமியா 29:11. 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயில் எங்கள் படகும் வலையும் பாழாயின. கடன் இன்னும் தீரவில்லை. 'உன் விசுவாசக் குறைவுதான் ஆசீர்வாதத்தைத் தடுத்துவிட்டது' என்கிறார் போதகர். அப்படியா?
– ஒரு சகோதரி, எண்ணூர்

பதில்: இல்லை. 'அவருடைய ராஜரிகம் சர்வத்தையும் ஆளுகிறது' என்கிறது 103ஆம் சங்கீதம். ராஜரிகம் என்றால் கர்த்தருடைய அரசாட்சி. எண்ணூரில் ஒரு சகோதரி கொஞ்சம் சந்தேகப்பட்டால் அந்த ராஜரிகம் நின்றுபோகுமா என்று போதகரிடமே கேளுங்கள். முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபோது, சிலுவை வரைந்த படகு, வேல் வரைந்த படகு என்று பார்த்தா படிந்தது?

சரி, அட்டைக்கு வருவோம். அந்த அதிகாரம், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். 11க்கு முந்தின வசனத்தில், ஊர் திரும்ப 70 வருஷம் என்று கெடு இருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அந்தப் பத்தாம் வசனத்தை அட்டையில் போட்டால் யார் எடுப்பார்கள்?

அப்புறம், 28ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்றான் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி. 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்றுதான் எரேமியாவும் முதலில் சொன்னார். அவருக்கும் ஆசை இருக்காதா? பிறகுதான் 'கர்த்தர் உன்னை அனுப்பினதில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஆசீர்வாதக் கூட்டச் சுவரொட்டிகளைப் பாருங்கள், எத்தனை அனனியாக்கள்!

அப்படியென்றால் ஆசீர்வாதம் எங்கே என்பீர்கள். அதே கடிதத்தில்தான். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், 'பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்' என்கிறார் கர்த்தர். அந்தப் பட்டணம் எதிரியின் ஊர் என்பதை மறக்க வேண்டாம். அவர் ஆளுகை எருசலேம் மதிலோடு முடியவில்லை. தம் ஜனத்தை அங்கேயும் கைவிடவில்லை.

அந்த மக்களைப் பாபிலோனுக்கு அனுப்பியது தாமே என்று கர்த்தர் அந்தக் கடிதத்திலேயே சொல்லுகிறார். எண்ணூருக்கு எண்ணெயை அனுப்பியதும் அவரே என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதைக் கசியவிட்டவர்கள் மனிதர்கள். பதில் சொல்ல வேண்டியதும் அவர்களே. ஆறு சுத்தமாக வேண்டும், நஷ்டஈடு முழுதாக வர வேண்டும் என்று ஊரோடு போய் நிற்பதும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுவதுதான். அடுத்த முறை மனு கொடுக்கப் போகும்போது போதகரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.