படிக்கட்டும் பூனையும்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. போன மாதம் எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப்போய் மூன்றரை மணி நேரம் சுற்றிக்காட்டினேன். ஒவ்வொரு பலகையையும் படித்து விளக்கினேன். வீட்டுக்கு வந்ததும் தாத்தா, “என்னடா பார்த்தே?” என்று கேட்டதற்கு, “படிக்கட்டு, பூனை, பெரிய எலும்பு” என்றான். அவ்வளவுதான். இந்த வயதில் அழைத்துப்போவது வீண்தானா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வீணெல்லாம் இல்லை. பெரிய எலும்பு என்றானே, அது திமிங்கலம். மற்ற இரண்டும் உங்களுக்குத்தான் கணக்கில் வரவில்லை. பழைய மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். 1855-ல் அந்த மியூசிய வளாகத்திலேயே மிருகங்களை வைத்திருந்தார்கள். பூனையைப் பார்த்த உங்கள் மகன் இரண்டு காலேஜையும் முடித்துவிட்டான்!

அடுத்த முறை அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் படிக்கிற பலகை அவன் தலைக்கு மேலே இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் விளக்கு வெளிச்சம்தான் கண்ணைக் கூசும். அங்கே இருக்கிற திருவாலங்காட்டு நடராசர் சிலையின் முன்னால் நாம் தூக்கிய திருவடியைப் பார்த்து நிற்போம். என் அக்கா மகள் பார்த்தது கீழே கிடந்த முயலகனை. “அந்தக் குட்டி மாமாவை ஏன் மிதிக்கிறாங்க?” என்றாள். எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன், எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. சோழர் காலம் என்று சொல்ல வாயெடுத்தவன் பேசாமல் இருந்துவிட்டேன். நேற்றையும் போன வருஷத்தையும் குழப்பிக்கொள்கிற வயதில் ஆயிரம் வருஷம் எங்கே ஏறும்?

சின்னப் பிள்ளைகளின் மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள, இங்கிலாந்தில் ஆலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற இருவர் 2001-ல் ஒரு வழி சொன்னார்கள். ‘மொசைக்’ முறை என்று பெயர். பாலர் பள்ளியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து, பிடித்ததைப் படம் எடுக்கவிட்டார்கள். “நீயே சுற்றிக்காட்டு” என்று பின்னால் போனார்கள். மியூசியத்துக்கும் இது பொருந்தும். உங்கள் பழைய போனை அவனிடம் கொடுங்கள் (படம் எடுக்கக் கட்டணம் கேட்டால் கட்டிவிடுங்கள்). பாதிப் படம் தரையும் யாரோ ஒருவருடைய வேட்டியுமாகத்தான் இருக்கும். அழித்துவிடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டின்போது ஒவ்வொன்றாகத் தள்ளி, “இது என்ன?” என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

அப்புறம், மூன்றரை மணி நேரம் அநியாயம். ஒரு மணி நேரம், ஒரே கூடம் போதும். எந்தக் கூடம் என்று அவனே சொல்லட்டும். மறுபடியும் அந்த எலும்புதான் வேண்டும் என்றால், சரி, அதையே பாருங்கள். ஒரே கதையைத் தினமும் கேட்கிறவன்தானே! வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.

தாத்தாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். “என்ன பார்த்தே?” என்பது பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கிறது. அந்தப் பூனை என்ன நிறம் என்று கேட்கச் சொல்லுங்கள்.